மட்டக்குதிரைக்கு சினை ஊசி போடலாமுங்களா?

கோயமுத்தூர், திருப்பூர் பக்கமிருந்து சனி ஞாயிறு தோட்டத்துக்கு வர்ற நண்பர்கள் சில பேர் இப்போ மட்டக்குதிரை வாங்கிக் கட்டறாங்க. புள்ளைங்க ஏறி விளையாடறதுக்குன்னு பெட்டையாப் பாத்து வாங்கிட்டு வர்றாங்க. ஒரு வருசம் கழிச்சு குட்டி எடுக்கலாம்னு ஆசை வந்துருது. அப்புறம் எல்லாரும் கேட்கறது ஒரே கேள்விதான். "ஏனுங்க, மாட்டுக்கு சினை ஊசி போடற மாதிரி குதிரைக்கும் நம்ம தோட்டத்துலயே போட்டுட முடியுமுங்களா? பொலிகுதிரையைத் தேடி அலைய வேண்டாமுங்களே?"

முடியும். ஆனா மாட்டுக்குப் போடற மாதிரி இல்லீங்க. நீங்களே போடற வேலையும் இல்லை. அதைவிட முக்கியமா ஒண்ணு சொல்லோணும். ஊசி வர்றதுல எனக்கு வருத்தமில்லை. ஊசி வந்ததும் பொலிகுதிரை ஊரை விட்டுப் போச்சுன்னா, அதுலதான் எனக்கு வருத்தம். ஏன்னு விளக்கமாச் சொல்றேன்.

மாட்டுல இது எப்படிப் பழகிப் போச்சுன்னு முதல்ல பாருங்க. நம்ம நாட்டுல மாட்டுக்கு செயற்கைக் கருவூட்டல் 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில ஆரம்பிச்சதாச் சொல்வாங்க. இன்னைக்கு எந்த கால்நடை மருந்தகத்துக்குப் போனாலும் திரவ நைட்ரஜன் கேன் இருக்கு. பசு கத்துச்சுன்னா போன் போட்டா போதும், பைக்ல ஆள் வந்துருவார். குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, அஞ்சு நிமிசத்துல வேலையை முடிச்சுட்டுப் போயிருவார். காலையில பருவம் தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில ஊசி. இந்தக் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும்.

இந்தக் கணக்கு குதிரைக்கு ஒத்து வராது. பசுவுக்கு பருவம் ஒரு நாளுக்குள்ள முடிஞ்சுரும், அது முடிஞ்சு பத்துப் பன்னெண்டு மணி நேரத்துல கருமுட்டை வெளிய வரும். அதனால நேரம் பாக்கறது சுலபம். பெட்டைக்குதிரைக்கு பருவம் அஞ்சு நாளும் இருக்கும், ஏழு நாளும் இருக்கும். முட்டை வெளிய வர்றது பருவம் முடியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாளைக்கு முன்னால. பருவம் என்னைக்கு முடியும்னு முன்கூட்டியே எப்படிங்க தெரியும்? வாலைத் தூக்குது, கொஞ்சங் கொஞ்சமா ஒண்ணுக்கு விடுது, ஆண் குதிரையைக் கண்டா நிக்குது. இதெல்லாம் பருவத்துல இருக்குதுன்னு சொல்லுமே ஒழிய, முட்டை எந்த நேரத்துல வரும்னு சொல்லாது. அதுக்கு கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியாக் கையை விட்டு, ஸ்கேன் கருவியில முட்டைப்பை எவ்வளவு பெருசாகியிருக்குன்னு பாக்கோணும். உறைய வெச்ச விந்தா இருந்தா முட்டை வர்ற நேரத்தை ஒட்டி சில மணி நேரத்துக்குள்ள விட்டாகணும். அப்போ ஒரு நாளைக்கே ரெண்டு மூணு தரம் பாக்க வேண்டியிருக்கும்.

அளவும் வேற. மாட்டுக்கு ஒரு சின்னக் குச்சியில சுமார் 2 கோடி உயிரணு இருந்தா போதும். குதிரைக்கு பச்சை விந்துல ஒரு தடவைக்கு 50 கோடி வேணும்னு கணக்கு வெச்சிருக்காங்க. உறைஞ்ச விந்துன்னா ஒரு குச்சி பத்தாது, பல குச்சி சேர்த்து விடோணும். எல்லாப் பொலிகுதிரையோட விந்தும் உறைய வெச்சா தாங்கறதும் இல்லை. நல்லாக் குட்டி போட வைக்கிற குதிரையோட விந்தே சில சமயம் உருக்கிப் பாத்தா பாதிக்கு மேல செத்துக் கிடக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்குதுங்க. விந்தை உள்ள விடற வேலை மட்டும் பாத்தா, பசுவைவிடக் குதிரைக்குத்தான் சுலபம். பசுவோட கருப்பை வாய் கெட்டியா, வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். பருவத்துல இருக்கற பெட்டைக்குதிரைக்கு அது இளகி இருக்கும், குழாய் நேராப் போயிரும். இதை யூடியூப்ல பாத்துட்டுத்தான் நம்ம ஆளுங்க "இவ்வளவுதானா"ன்னு கிளம்பறாங்க. எப்போ விடறதுன்னு கண்டுபிடிக்கறதுதான் வித்தையே. ஆபத்தும் அங்கதான் இருக்கு.

மாட்டுக்குக் கை விட்டுப் பழகினவங்க குதிரைக்கும் அதே தைரியத்துல கை விடக்கூடாது. குதிரையோட குடல் சுவர் மாட்டோடது மாதிரி தாங்காது. முக்கும்போது கை அழுத்துச்சுன்னா கிழிஞ்சுரும். கிழிஞ்சா சாணி வயித்துக்குள்ள போய், ரெண்டு மூணு நாளுக்குள்ள குதிரை செத்துப் போறது நடக்கற விசயம். பெரிய குதிரைக்கே அப்படின்னா, நம்ம இடுப்பு உயரத்து மட்டத்துக்கு இடம் இன்னும் கம்மி. அனுபவமுள்ள மருத்துவரே மட்டக்குதிரைன்னா யோசிச்சுத்தான் கை வைப்பார். கையில உறை மாட்டின யாரு வேணும்னாலும் பண்ணற காரியமில்லை.

இன்னொண்ணு இரட்டைக் கரு. மாட்டுல இரட்டைக் கன்னுன்னா அதிசயமாப் பேசுவோம். குதிரைக்கு இரட்டைன்னா பெரும்பாலும் ரெண்டுமே தங்காது. பாதியில கலைஞ்சு தாய்க்கும் ஆபத்தாயிரும். அதனாலதான் விந்து விட்டு 14-லருந்து 16 நாளுக்குள்ள ஸ்கேன் பாத்து, ரெண்டு இருந்தா ஒண்ணை மருத்துவர் நசுக்கி விட்டுருவார். வீட்டுல தானே ஊசி போட்டவர் இந்த ஸ்கேனுக்குப் போவாரா? அதனால வீட்டுலயே சினைக்கு விடறதுன்னா, பெட்டை நம்ம கட்டுத்தரையில இருக்கும், மருத்துவர் ஸ்கேன் கருவியோட நம்ம தோட்டத்துக்கு வருவார், அவ்வளவுதான் அர்த்தம். கைவேலை அவரோடதுதான். இங்கிலாந்துலயே அங்கீகாரம் உள்ள பயிற்சி முடிக்காதவங்க பெட்டைக்குதிரைக்கு ஊசி போடக்கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்காங்க.

ஊசியில நல்லதே இல்லைன்னு நான் சொல்லலை. பெட்டையை டெம்போவுல ஏத்தி நூறு கிலோமீட்டர் கொண்டு போக வேண்டாம். போற இடத்துல ஒதை வாங்கிக் கால் உடைய வேண்டாம். குதிரைக்கு வர்ற கிளாண்டர்ஸ் மாதிரி நோய் ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போறதும் குறையும். அந்த நோய் வந்த குதிரையை அரசாங்கமே கருணைக்கொலை பண்ணிரும், மனுசனுக்கும் அது தொத்தும். ஒரு தடவை எடுத்த விந்தை நாலஞ்சு பெட்டைக்குப் பங்கு போடவும் முடியும். சின்ன விவசாயிக்கு இதெல்லாம் பெரிய விசயம்தான்.

சரி, அப்போ யாரோட விந்தை விடறது? நான் சண்டை போடறது இந்தக் கேள்விக்காகத்தான்.

மாட்டுல என்ன நடந்துச்சுன்னு எங்க தலைமுறை கண்ணால பாத்தோம். காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்னு வளர்ந்த மாடு எங்களோடது. ஊருக்கு ஊரு பூச்சிக்காளை இருந்துச்சு. பழையகோட்டைப் பட்டக்காரர் மாதிரி பெரிய பண்ணைக்காரங்க காளைகளைத் தரம் பாத்துப் பிரிச்சு வளர்த்தாங்க. மத்தவங்க பசுவை ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு வருவாங்க. அப்புறம் பால் பெருக்கற திட்டம் வந்துச்சு, கேன்ல ஜெர்சி வந்துச்சு. பால் பெருகினதை நான் இல்லைன்னு சொல்லலை. அந்தப் பால் காசுலதான் எங்க வீட்டுப் புள்ளைங்க படிச்சாங்க. ஆனா ஊசி வந்ததும் பூச்சிக்காளைக்குத் தீவனம் போட யாருக்கும் காரணமில்லாமப் போச்சு. முதல்ல காளை போச்சு, பின்னால இனமும் கரைஞ்சுது. இப்போ காங்கேயம் விந்தும் குச்சியில கிடைக்குது, சந்தோசம்தான். ஆனா ஒரு காலத்துல ஊருக்கு ஒண்ணா நின்ன காளையோட பலவிதமான ரத்தத்தை ஒரு கேனுக்குள்ள திரும்பக் கொண்டு வர முடியுமுங்களா?

மட்டக்குதிரைக்கு நிலைமை இன்னும் மோசம். காங்கேயத்துக்குப் பேராவது இருக்கு. இந்தியாவுல பதிவு பண்ணின குதிரை இனம்னு பாத்தா மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிட்டி, சன்ஸ்காரி, மணிப்புரி, பூட்டியா, கச்சி-சிந்தின்னு வரிசையா இருக்கு. கொஞ்ச வருசத்துக்கு முன்னால மகாராஷ்டிராவுல பீம்தடியும் சேர்ந்துச்சு. பீம்தடி யாரோட குதிரைன்னு நெனைக்கறீங்க? ராஜா வீட்டுக் குதிரை இல்லை. புனே, பாராமதி பக்கம் ஆட்டு மந்தையோட ஊர் ஊராப் போற தங்கர் கீதாரிங்க சாமான் ஏத்தற மட்டம்தான் அது. அதை அளந்து, எண்ணி, இதுக்குன்னு தனி குணம் இருக்குன்னு எழுதி வெச்சு, பேர் வாங்கிட்டாங்க. நம்ம ஊரு மட்டம் கொள்ளும் சோளத்தட்டும் தின்னுட்டு, வெயில்ல நின்னு, குளம்புக்கு லாடம் அடிச்சு தார் ரோட்டுல தலைமுறை தலைமுறையா வண்டி இழுத்தது. பழநி அடிவாரத்துல வண்டி இழுத்தது. ரயிலடியில ஜட்கா இழுத்தது. அதுக்கு இனம்னு ஒரு பேர் இல்லை. அரசாங்கக் கணக்குல அது வெறும் "குதிரையும் மட்டமும்"தான்.

அந்தக் கணக்கும் தேயுது. 2012-ல் நாடு முழுக்க குதிரையும் மட்டமுமாச் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல இருந்துச்சு. 2019 கணக்கெடுப்புல 3.4 லட்சம். ஏழு வருசத்துல நூத்துக்கு 45 குறைஞ்சுருக்கு. ஆட்டோவும் குட்டியானையும் வந்ததுக்கப்புறம் வண்டிக்குதிரைக்கு வேலை இல்லை. இப்போ எங்க பக்கம் மட்டத்தை உசிரோட வெச்சிருக்கறது ரேக்ளாவும், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையும், உங்களை மாதிரி தோட்டக்காரங்க ஆசையும்தான். அந்தியூருக்குப் போனா உங்களுக்கே தெரியும். பந்தல்ல பளபளன்னு நிக்கற மார்வாரியைச் சுத்தித்தான் கூட்டம். மட்டம் ஓரமா நின்னுட்டு இருக்கும்.

அதனாலதான் அடுத்த ஆசை வருது. "மட்டப் பெட்டைதான் கையில இருக்கு, அதுக்கே மார்வாரி ஊசி போட்டா உயரமான குட்டி கிடைக்குமே!" இதுக்கு 1938-லயே பதில் கிடைச்சுருச்சு. கேம்பிரிட்ஜ்ல வால்டன், ஹம்மண்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க செயற்கைக் கருவூட்டல் மூலமா உலகத்துலயே பெரிய ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் மட்டத்தையும் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் கலந்து பாத்தாங்க. மட்டத்தோட வயித்துல வளர்ந்த குட்டி, தகப்பன் எவ்வளவு பெருசா இருந்தாலும், மட்டக்குட்டி அளவுலதான் பொறந்துச்சு. அதே கலப்புக் குட்டி ஷயர் வயித்துல வளர்ந்தப்போ பெருசாப் பொறந்துச்சு. வளர்ந்த பிறகும் மட்டத்துக்குப் பொறந்தது சின்னதாத்தான் இருந்துச்சு. தாய் வயிறு அளந்துதான் குடுக்கும். ஊசியில பெரிய குதிரையை ஊத்திட்டா பெரிய குதிரை வந்துராது. மார்வாரியும் இல்லாம மட்டமும் இல்லாம ஒண்ணுதான் வரும். அப்படி ரெண்டு தலைமுறை போனா மட்டம்னு சொல்லிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

விஞ்ஞானம் நம்ம நாட்டுல இல்லாமலும் இல்லை. ஹரியானா ஹிசார்ல தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கு, ராஜஸ்தான் பிகானேர்ல அதோட பண்ணை இருக்கு. 2023-ல் அங்க ஒரு மார்வாரிக் கருவை எடுத்து வேற பெட்டை வயித்துல வெச்சுக் குட்டியே எடுத்துட்டாங்க. அவ்வளவு தூரம் போயாச்சு. ஆனா எல்லாம் இங்கிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். பணமும் இருக்கு. 2024 பிப்ரவரியில மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்துல குதிரை, கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்துச்சு. இதுகளை வெச்சுத் தொழில் தொடங்கறவங்களுக்கு 50 சதவீத மானியம், 50 லட்சம் வரைக்கும். விந்து நிலையமும் மூலப் பண்ணையும் அமைக்க 10 கோடி. நம்ம தமிழ்நாடு இதைக் கேட்டு வாங்கோணும்.

ஆனா எப்படி வாங்கோணும்? வடக்க இருந்து மார்வாரிக் குச்சியைக் கொண்டு வந்து நம்ம மருந்தகத்துல அடுக்கறதுக்குன்னா வேண்டாமுங்க, ஜெர்சிக் கதையேதான் திரும்பும். நான் கேட்கறது வேற.

முதல்ல நம்ம மட்டத்தை எண்ணி, அளந்து, எழுதோணும். நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, ஆடி மாசம் அந்தியூர்ல ஒரே இடத்துல நூத்துக்கணக்கான குதிரை வந்து நிக்குது. இதைவிட வசதியான இடம் எங்க கிடைக்கும்? பீம்தடிக்குச் செஞ்சது மட்டத்துக்கும் செய்யலாம். தனி இனம்னு பதிவுக்குத் தகுதி இல்லைன்னு முடிவானாலும் பரவாயில்லை, கணக்காவது இருக்கும்.

ரெண்டாவது, உறைய வெச்ச விந்தைவிடக் குளிர வெச்ச விந்து நமக்குப் பொருந்தும். பொலிகுதிரையோட விந்தை எடுத்து, கொழுப்பெடுத்த பால்பவுடரும் குளுக்கோசும் கலந்த கரைசல்ல சேர்த்து, 5 டிகிரி குளிர்ல வெச்சா ஒரு நாள், சில குதிரைக்கு ரெண்டு நாள் கூடத் தாங்கும். நைட்ரஜன் கேன் வேண்டாம். அந்தியூர்ல காலையில எடுத்தா பொள்ளாச்சிக்கு மத்தியானமே வந்துரும். கொங்கு நாட்டுல எந்த ஊருக்கும் எந்த ஊரும் அரை நாள் தூரம்தானே? இதுல இருக்கற பெரிய நன்மை என்னன்னா, இதுக்குப் பொலிகுதிரை இங்கேயே, உசிரோட, நல்ல தீவனத்தோட நிக்கோணும். அதை வளர்க்கறவனுக்கு ஒவ்வொரு தடவையும் காசு வரும். காசு வந்தா அவன் குதிரையை விக்க மாட்டான். நல்ல ஆண் குட்டி பொறந்தா காயடிக்காம அடுத்த பொலிக்கு விட்டு வைப்பான். மாட்டுல காளையை விரட்டின ஊசி, இங்க பொலிகுதிரைக்குச் சோறு போடும். ஒரே குதிரையை எல்லாப் பெட்டைக்கும் விட்டு ரத்தம் நெருங்கிராம இருக்க, யார் குதிரை யாருக்குப் போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சா போதும்.

மூணாவது, மருத்துவர். மாவட்டத்துக்கு ரெண்டு மூணு பேருக்காவது குதிரை ஸ்கேன் பயிற்சியும் கையடக்கக் கருவியும் குடுக்கோணும். இது இல்லாம மத்தது எதுவும் நடக்காது.

இதெல்லாம் வர்ற வரைக்கும் என்ன பண்ணறதுன்னு கேட்பீங்க. எங்க பெட்டையை நான் பக்கத்து ஊர்ல இருக்கற மட்டப் பொலிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன், நடத்தியே. பொலிக்காரருக்குக் கூலியைக் கையில குடுத்துட்டு வர்றேன். ரேஸ்ல ஓடற தரோப்ரெட் குதிரைக்கு உலகம் முழுக்க ஊசி கூடாது, நேர்ல சேர்ந்தாத்தான் பதிவு. கோடிக்கணக்குல விலை போற குதிரைக்கே அதுதான் வழின்னா, நமக்கு அதுல என்ன குறைச்சல்? போறதுக்கு முன்னால ரெண்டு குதிரைக்கும் நோய் இல்லைன்னு மருத்துவர்கிட்ட ரத்தம் குடுத்துப் பாத்துக்கோங்க, அது மட்டும் தவறக்கூடாது.

குட்டி எடுக்கறதுக்கு முன்னால ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்க. சினை பதினோரு மாசம். குட்டி பெரும்பாலும் ராத்திரியிலதான் போடும். தண்ணிக்குடம் உடைஞ்சா அரை மணி நேரத்துல குட்டி கீழ இருக்கோணும். ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு நிக்கோணும், ரெண்டு மணி நேரத்துல சீம்பால் குடிக்கோணும், மூணு மணி நேரத்துல நஞ்சுக்கொடி விழோணும். பசுவுக்கு விடிய விடியப் பொறுத்துப் பாக்கற மாதிரி இங்க பொறுக்கக்கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் ராத்திரியோட ராத்திரியா மருத்துவர் வரோணும். நீங்க கோயமுத்தூர்ல தூங்கிட்டு இருப்பீங்க, தோட்டத்துல காவல்காரர் மட்டும் இருப்பார். பொறந்த குட்டி இருபத்தஞ்சு வருசம் உசிரோட இருக்கும். உங்க புள்ளை காலேஜ் முடிச்சு வெளிநாடு போனதுக்கப்புறமும் அது கொள்ளு கேக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டும் குட்டி வேணும்னு தோணுச்சுன்னா தாராளமா எடுங்க, சந்தோசம். மட்டப் பெட்டைக்கு மட்டப் பொலியாப் பாருங்க, அதை வளர்க்கறவருக்கு மறக்காமக் காசு குடுங்க. அந்த ஆள் "இனி இதைக் கட்டிக் காப்பாத்த முடியாது"ன்னு வித்துட்டாருன்னா, எவ்வளவு நல்ல ஊசி வந்தாலும் அதுக்குள்ள ஊத்தறதுக்கு நம்மகிட்ட எதுவும் இருக்காதுங்க.